ஆயிரத்து எண்ணூறு என்று சொன்னேன்

பன்னிரண்டரைக்கு விசில் ஊதினார்கள், மூன்று மணிக்கு மறுபடியும் ஊதுவார்கள், நடுவில் இருக்கிற இந்த இரண்டரை மணி நேரம் என்னுடையது. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரைக்கும் உச்சி வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று இந்த நாட்டில் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எந்த மகராசனோ, அவர் பிள்ளைகுட்டிகளோடு நன்றாயிருக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேலே நாற்பத்தெட்டு டிகிரி, கம்பியைத் தொட்டால் கை பொரிந்துபோகும், இங்கே கீழே இரண்டாவது அடித்தளத்தில், நாளைக்குப் பெரிய பெரிய கார்கள் நிற்கப்போகிற இடத்தில், டைல்ஸ் வந்த அட்டையை விரித்துப் போட்டு நூற்று நாற்பது பேர் படுத்திருக்கிறோம். சிமென்டுத் தரை முதுகுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. மூலையில் ஆளுயர மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதன் காற்று என் பக்கம் திரும்பும்போது உயிர் வருகிறது, போகும்போது அடுத்த திரும்பலுக்குக் காத்திருக்கிறேன். காலையில் மோர் பாக்கெட் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு அதைக் கையில் பிடித்தபடி நிற்கச் சொல்லிப் படமும் எடுத்தார்கள், கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்க வேண்டும், சிரித்தேன். மோர் நன்றாகத்தான் இருந்தது. அபுதாபிக்கு வந்து பதினோரு வருஷத்தில் நன்றி சொல்ல எனக்குக் காரணங்கள் குறைந்ததே இல்லை. ஆனால் இன்றைக்கு மூன்று மணிக்கு விசில் ஊதியதும் நான் கிரேனுக்குப் போக வேண்டியதில்லை, ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தூங்கலாம் என்று கண்ணை மூடினால் அந்தக் காகிதம்தான் வந்து நிற்கிறது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற காகிதம்தான். விசா புதுப்பிக்கிற காகிதம். போன மூன்று தடவையும் படிக்காமலே போட்டேன், பேனாவைத் திருப்பிக் கொடுத்து தேங்க்யூ சார் சொல்லிவிட்டு வந்தேன். இந்தத் தடவை நேற்றே, ஆபீசில் எங்கள் சம்பளம், விசா எல்லாம் பார்க்கிற கௌசிக் சார் கூப்பிட்டுக் காட்டினார். அவர் நம் நாட்டுக்காரர்தான், எந்த ஊர் என்று கேட்டதில்லை, கேட்கிற மாதிரி முகத்தை அவர் வைத்துக்கொள்வதும் இல்லை. "பெருமாள், நூறு திர்ஹாம் கூட்டியிருக்கேன், சந்தோஷமா?" என்றார். கலியபெருமாள் என் அப்பா. பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள், இவர்கள் வசதிக்கு அதைப் பிடித்துக்கொண்டார்கள், அமிர்தலிங்கம் என்று என்னை இங்கே கூப்பிடுகிறவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். செத்துப் பதினாறு வருஷமான மனுஷனை இந்த சைட்டில் தினமும் கூப்பிட்டு அதட்டுகிறார்கள். "பெருமாள், தூங்குறியா?" என்று வாக்கிடாக்கியில் சத்தம் வந்தால் எனக்கு ரோஷம் வருவதற்கு முன்னால் அப்பா முகம் வந்துவிடும், நாற்று பறிக்கிற வேலைக்குக்கூடச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போன மனுஷன். சரி, அது இருக்கட்டும். நூறு கூட்டினால் ஆயிரத்து நானூற்றைம்பது. காகிதத்தின் அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது, கௌசிக் சார் பேனா முனையால் அதைத் தட்டிக் காட்டினார். என் சம்பளம் எனக்குத் திருப்தி, அதைப் பற்றி வேறு எந்தத் தொழிலாளியிடமும் பேச மாட்டேன், அவர்கள் சம்பளத்தையும் கேட்க மாட்டேன், மீறினால் விசா ரத்து. "இது எல்லாருக்கும்தான், பயப்படாதே" என்றார். எல்லாருக்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். அது எனக்காகவும் ரெனாட்டோவுக்காகவும் அடித்த வரி.

ரெனாட்டோ எனக்கு வலது பக்கம் நாலடி தள்ளி, ஹெல்மெட்டை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். பிலிப்பைன்ஸ்காரன், முப்பத்தொரு வயது, என்னைவிட எட்டு வயது இளையவன். இந்த சைட்டில் இரண்டு டவர் கிரேன். ஒன்றாம் நம்பருக்கு அவன் சிக்னல்மேன், இரண்டாம் நம்பருக்கு நான். கிரேன் ஓட்டுகிறவர் இருபது மாடி உயரத்தில் ஒரு கூண்டில் இருப்பார், கீழே சுமை எங்கே போகிறது, யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. நாங்கள்தான் அவர் கண். மெதுவாக, இடது, இன்னும் இடது, நிறுத்து. ஒரு சொல் முன்னே பின்னே ஆனால் நாலு டன் கம்பிக்கட்டு யார் தலையிலாவது இறங்கும். இரண்டு பேருக்கும் ஒரே பரீட்சை, ஒரே லைசென்ஸ் அட்டை, ஒரே நிறச் சட்டை. நான் ஏழு வருஷமாக இதைச் செய்கிறேன், அவன் நாலு வருஷமாக. அவன் வந்த புதிதில் இங்கே காற்று எந்தப் பக்கமிருந்து திடீரென்று அடிக்கும், மதியம் மூன்றரைக்குக் கண்ணாடிச் சுவர் எப்படிக் கண்ணைக் கூச வைக்கும் என்றெல்லாம் சொன்னது நான்தான். அதனால் பெரிய ஆள் என்று ஒரு நினைப்பும் எனக்கு இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் காற்று வேகம் கூடிப்போய் இரண்டு கிரேனையும் நிறுத்திவிட்டார்கள். பிளாக் கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குள் பேச ஒரு பாஷை உண்டு, பாதி இங்கிலீஷ், கால் ஹிந்தி, மீதி கை. ரெனாட்டோ சாதாரணமாகத்தான் கேட்டான், "ப்ரோ, உனக்கு எவ்வளவு தர்றாங்க?" நான் யோசிக்கவே இல்லை. ஆயிரத்து எண்ணூறு என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன்? இதைத்தான் மூன்று வாரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஆயிரத்து முன்னூற்றைம்பது என்று சொல்ல வாய் வரவில்லை. வந்ததே இல்லை. எங்கள் மன்னார்குடிப் பக்கம் லீவில் போகிற எவனும் நிஜச் சம்பளத்தைச் சொல்ல மாட்டான். சலூனில் உட்கார்ந்தால் கேட்பார்கள், "மாப்ள, எவ்ளோ வருது?" முப்பதாயிரம் என்றால் அதை இங்கேயே திருப்பூரில் சம்பாதிக்கலாமே, இதுக்கா கடல் தாண்டிப் போனே என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்கள். அதனால் அறுபது என்று சொல்லுவோம். கேட்கிறவனும் துபாயில் இருந்துவிட்டு வந்தவனாகத்தான் இருப்பான், அவனும் அறுபது என்று சொன்னவனாகத்தான் இருப்பான், இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வோம். கேம்ப்பிலும் அப்படித்தான். ஒரே அறையில் எட்டுப் பேர், யார் எந்தக் கட்டிலில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்பதுவரை தெரியும், யாருக்கு என்ன சம்பளம் என்பது மட்டும் தெரியாது. கஸ்தூரியிடமே நான் ஆயிரத்து அறுநூறு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். பெண்டாட்டியிடம் பொய் சொன்ன பாவம் என்னைச் சும்மா விடவில்லை, அவள் கணக்கில் நான் மாதாமாதம் இருநூற்றைம்பது திர்ஹாமைத் தின்று தீர்க்கிறேன். "என்னங்க, அங்க பிரியாணியாவே சாப்பிடுறீங்களா?" என்று போனில் கேட்பாள். "ஆமாடி, காலையில கூட" என்பேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு நூறு கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்றுகூடத் தோன்றும். மகள் பிசியோதெரபி இரண்டாம் வருஷம் படிக்கிறாள், மாடல் எலும்புக்கூட்டோடு படம் எடுத்து அனுப்பினாள், அப்பா இது உங்க முழங்கால் என்று குறி போட்டு. அவள் படிப்பு முடிய இன்னும் இரண்டரை வருஷம் இருக்கிறது. இந்த விசா இருந்தால் அவள் படிப்பு முடியும். விசா போனால்? இந்த இடத்துக்கு வந்ததும் மின்விசிறிக் காற்று என் பக்கம் திரும்பினாலும் வேர்க்கிறது.

ஆயிரத்து எண்ணூறு என்று நான் சொன்னதும் ரெனாட்டோ என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். நாம் சொன்னதை நம்பவில்லையோ என்று நினைத்தேன். அவன் போனை எடுத்து எதையோ தேடி என் முன்னால் நீட்டினான். அவனுடைய சம்பளச் சீட்டு. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். யாரும் காட்டாததை, கூடப்பிறந்தவனிடமும் காட்டாததை, ஒரு மனுஷன் வெயிலில் உட்கார்ந்து என் கையில் கொடுத்துவிட்டான். "ஒரே அட்டை, ஒரே விசில். இது சரியில்லை ப்ரோ" என்றான். நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. சரியில்லைதான் என்று தலையாட்டினேன், ஏதோ ஆயிரத்து நூறுதான் வித்தியாசம் என்கிற மாதிரி பெரிய மனுஷத்தனமாக. மனசுக்குள்ளே நிஜக் கழித்தல் நடந்துகொண்டிருந்தது. எனக்கு வருவதைப் போல இரண்டு மடங்கைவிட அதிகம். கோபம் வந்திருக்க வேண்டும், முதலில் வந்தது கோபம் இல்லை, நல்லவேளை ஆயிரத்து எண்ணூறு என்று சொன்னோம் என்ற நிம்மதி. இப்படி ஒரு புத்தி. நம் ஊர் காசுக்கு இது நல்ல சம்பளம் என்று கௌசிக் சார் சொல்லுவார், என் வேர்வையையும் நம் ஊர்க் காசுக்கு மாற்றித்தான் அவர் பார்க்கிறார் போல. ரெனாட்டோவின் அரசாங்கம் சம்பளம் இத்தனைக்குக் குறைந்தால் ஆள் அனுப்ப மாட்டேன் என்கிறதாம், மஜீது காக்கா சொன்னார். அது உண்மையோ என்னவோ. உண்மையாக இருந்தால் அந்த அரசாங்கமும் நன்றாயிருக்கட்டும்.

மஜீது காக்கா சைட் ஆபீசில் டீ போடுகிறவர், அதிராம்பட்டினத்துக்காரர், அவர்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன், ஆபீசில் யார் பேசினாலும் அவர் கையில் ஒரு தட்டு இருக்கும், தட்டு வைத்திருக்கிற ஆளுக்குக் காது இருக்குமென்று அங்கே யாரும் நினைப்பதில்லை. போன வெள்ளிக்கிழமை கேம்ப்பில் துணி துவைக்கிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏன் தம்பி, அந்தப் பிலிப்பைன்ஸ் பையன் உனக்காகப் போயி நின்னானே, தெரியுமா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆபீசுக்குள்ளார வந்து கௌசிக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, அமிர்தலிங்கத்துக்கு ஆயிரத்து எண்ணூறு குடுக்குறீங்க, எனக்கு ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் குடுக்குறீங்க, அவரு என்னைவிட சீனியர், எனக்குக் குடுக்குறதை அவருக்கும் குடுங்கன்னான். அந்தாளு விழுந்து விழுந்து சிரிச்சான் தம்பி. அப்புறம் கதவைச் சாத்திட்டானுவ. வெளிய வரும்போது பையன் கையில வார்னிங் லெட்டர். இன்னொண்ணு குடுத்தா ஊருக்கு டிக்கெட்டுதான்." கையில் இருந்த சட்டையை நான் பிழிந்துகொண்டே இருந்தேன், தண்ணீர் எல்லாம் போன பிறகும் பிழிந்துகொண்டிருந்தேன். ரெனாட்டோ இதில் ஒரு சொல்லைக்கூட என்னிடம் சொல்லவில்லை. லெட்டர் வாங்கின பிறகும் மதியத்தில் வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவோடு வந்து உட்கார்ந்தான், என் ஊறுகாயைக் கேட்டு வாங்கிச் சோற்றில் பிசைந்தான். எனக்காக அவன் கொண்டுபோன நம்பர் என் பொய் நம்பர். நிஜத்தைச் சொல்லியிருந்தால் அவன் இன்னும் பலமாக நின்றிருப்பான். கௌசிக் சாருக்குச் சிரிக்கக் காரணம் இருந்திருக்காது. என் வீண் பெருமைக்கு அவன் வார்னிங் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

மணி இரண்டு பத்து. பக்கத்தில் நேபாளத்துக்காரர் ஒருவர் தூக்கத்தில் எதற்கோ சரி சரி என்கிறார். நான் கையெழுத்துப் போட்டுவிடலாம். போட்டால் ஒன்றும் ஆகாது, அதுதான் அதில் உள்ள மோசம். நூறு கூடும், மகள் படிப்பாள், ரெனாட்டோவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வரி வந்துவிடும், அவன் ஊறுகாய் கேட்பான், நான் கொடுப்பேன், பேச்சில் ஓர் இடத்தை மட்டும் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போவோம். போடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. ஒருவேளை திட்டுவதோடு விடலாம். சிக்னல்மேன் சும்மா கிடைத்துவிட மாட்டான், அட்டை வாங்க மூன்று மாதம் ஆகும், அதுவரை இரண்டாம் கிரேன் நிற்கும், ஒரு நாள் கிரேன் நின்றால் கௌசிக் சாரின் மேலே இருக்கிறவர்கள் அவரைத் தூங்கவிட மாட்டார்கள். இப்படி நினைக்கும்போது தைரியம் வருகிறது, அடுத்த நிமிஷம் எலும்புக்கூடும் முழங்காலும் வருகிறது, தைரியம் போய்விடுகிறது. இதில் இன்னொன்றும் என்னை அரிக்கிறது. ஆபீசில் நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தேங்க்யூ சார் சொல்லுகிறேன். கதவைத் திறந்து பிடித்தால் தேங்க்யூ, காத்திருக்கச் சொன்னால் தேங்க்யூ, நூறு திர்ஹாமுக்கு நேற்று இரண்டு தடவை சொன்னேன். ரெனாட்டோவுக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நம்மில் வேண்டியவர்களுக்கு யார் நன்றி சொல்லுகிறார்கள்? கஸ்தூரி சோறு போட்டால் நான் நன்றி சொன்னேனா? சொன்னால் உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். வேண்டியவன் என்று மனசுக்குள் வைத்துக்கொள்வோம், அதுவே போதும் என்று இருப்போம். அவன் ஊரில் அப்படி இல்லை, டப்பாவை நகர்த்திக் கொடுத்தால்கூட அவன் சொல்லுவான். நாலு வருஷமாக என்னைப் பற்றி அவன் என்ன நினைத்துக்கொண்டிருப்பான்? நன்றி கெட்டவன் என்றா? நெஞ்சு நிறைய வைத்திருக்கிறேன், அது அவனுக்கு எப்படித் தெரியும்?

சொல்லிவிட வேண்டும். நன்றிக்கு முன்னால் அந்த நம்பரைச் சொல்ல வேண்டும், பொய்யின்மேல் நன்றி நிற்காது. பக்கவாட்டில் புரண்டு படுத்தேன். பதினோரு வருஷத்தில் நான் உரக்கச் சொல்லாத நம்பர்.

"ரெனாட்டோ."

"ம்."

"தூங்கிட்டியா?"

"தூங்குறேன். நீ பேசு."

"அன்னிக்கு என் சம்பளம் ஆயிரத்து எண்ணூறுன்னு சொன்னேன்ல. அது பொய். ஆயிரத்து முன்னூத்தைம்பது."

ஹெல்மெட் அசையவில்லை. "தெரியும் ப்ரோ."

"எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாங்க. பாரு, உன் ஃப்ரெண்டு உன்கிட்டயே பொய் சொல்றான்னு கௌசிக் சிரிச்சாரு."

"நீ என்ன சொன்ன?"

"அவன் சொன்னது சரி, உங்க கம்ப்யூட்டர்தான் தப்புன்னு சொன்னேன். அதுக்குத்தான் லெட்டர்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

அவன் ஹெல்மெட்டை நகர்த்தி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தான். "நீ ஆயிரத்து எண்ணூறுன்னு சொன்ன. சரி, ஆயிரத்து எண்ணூறு."

அவ்வளவுதான். மறுபடி மூடிக்கொண்டான். என்னை வைத்துச் சிரித்த இடத்தில் என்னை விட்டுக்கொடுக்காமல் நின்றுவிட்டு, அதை எனக்குத் தெரியாமல் ஒரு வாரம் வைத்திருந்தானே, எனக்குக் கூச்சமாக இருக்குமென்று. என் கூடப்பிறந்த இரண்டு பேரும் இதைச் செய்திருப்பார்களா? அழுதேன், வெட்கமில்லாமல், அட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. பிறகு எழுந்து உட்கார்ந்து சொன்னேன். தேங்க்யூ என்று சொல்லவில்லை, அது ஆபீசுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொல். "ரொம்ப நன்றிடா" என்று தமிழிலேயே சொன்னேன். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஹெல்மெட்டுக்கு அடியிலிருந்து கை மட்டும் வெளியே வந்து என் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. கையெழுத்துப் போடப்போவதில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. பயம் போகவில்லை, பயம் அப்படியேதான் இருக்கிறது. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, கடைசி வரியை அடித்து நீக்குங்கள், ஒன்றாம் கிரேனுக்குக் கொடுப்பதை இரண்டாம் கிரேனுக்கும் கொடுங்கள் என்று கேட்கப்போகிறேன். யார் சொல்லிக் கேட்கிறாய் என்றால் என் வேலை சொல்லிக் கேட்கிறேன் என்பேன், அவன் பெயர் என் வாயில் வராது. தர மாட்டார்கள். ஒருத்தன் கேட்டான் என்பதாவது அங்கே இருக்கட்டும்.

விசில். நூற்று நாற்பது பேரும் எழுந்து அட்டையை மடக்குகிறார்கள். சரிவுப் பாதையில் ஏறும்போதே வெயில் முகத்தில் அறைகிறது. எனக்கு முன்னால் ஷஃபிகுல் போகிறான், பங்களாதேஷ்காரன், என் கிரேனில் சங்கிலி மாட்டுகிறவன். சுமை தரையைவிட்டு எழும்புகிற அந்தக் கடைசி நொடிவரை அவன் கை கொக்கியில் இருக்கும், நான் தூக்கு என்று சொன்ன பிறகுதான் எடுப்பான். அவன் விரல் பத்தும் நாலு வருஷமாக என் ஒரு சொல்லில் இருக்கிறது. அவன் தினமும் காலையில் எனக்கு சலாம் சொல்லுகிறான். நான் தலையாட்டிவிட்டுப் போகிறேன். எட்டி நடந்து அவன் தோளைத் தொட்டேன்.

"ஷஃபிகுல் பாய், உனக்கு எவ்வளவு தர்றாங்க?"

நின்றான். சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். "ஆயிரத்து நானூறு, பாய்" என்றான்.

"எனக்கு ஆயிரத்து முன்னூத்தைம்பதுதான்" என்றேன். சத்தமாகவே சொன்னேன், பின்னால் வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "இப்ப நீ சொல்லு."

அவன் சிரிப்பு மெதுவாக இறங்கியது. இரண்டு பக்கமும் பார்த்தான், கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினான். மேலே ஆபீஸ் வாசலில் நின்று யாரோ பெருமாள், பெருமாள் என்று கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அவன் குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எழுநூறு" என்றான். எழுநூறு திர்ஹாம், அதைக் கேட்க எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது.